முகம் சுரண்டப்பட்ட நாணயம்

அப்பப்பா, அதாவது அப்பாவின் தகப்பன், காலமானது 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில். அவருடைய முப்பத்தோராம் நாளுக்கு அடித்த கல்வெட்டில் அச்சாகியிருப்பதால் இதில் ஐயம் இல்லை. பெரியப்பா அந்த நாணயத்தை வாங்கிவந்தது அதற்கு முன்பு என்பதும் நிச்சயம். எவ்வளவு காலம் முன்பு என்பதைத்தான் வேறு சான்றுகளிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அவருடைய சப்பாத்தில் பனிக்காக வீதியில் கொட்டும் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைக் கழற்றாமல் உள்ளே வந்ததற்கு அம்மாவிடம் பேச்சு வாங்கினார். பள்ளிக்கூடத்துக்காக நான் ஒட்டிக்கொண்டிருந்த காகித எரிமலை பாதியில் இருந்தது. ஆகவே தை மாதத்தின் பிற்பகுதி என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு அப்போது பத்து வயது.

நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், பிறகு பெரியப்பா. அவர் அப்பாவின் தமையன், கல்யாணம் செய்யாதவர். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அவருடைய அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, கழுத்தை வளைக்கக்கூடிய ஒரு விளக்கு, ஒரு பிஸ்கற் ரின். அந்த ரின்னுக்குள் ரோமப் பேரரசர்கள் இருந்தார்கள்.

பொன்னோ வெள்ளியோ அல்ல, எல்லாம் வெண்கலம். ரோம ஆட்சிக்குக் கீழே இருந்த கிழக்கத்தைய ஊர்கள் தங்கள் சந்தைப் புழக்கத்துக்காகத் தாங்களே அடித்துக்கொண்ட காசுகள். ஒரு பக்கம் பேரரசனின் தலை, மறுபக்கம் ஊர்த் தெய்வமோ கோயிலோ. பெரியப்பாவுக்கு இவற்றில் பிடித்த விஷயம் ஒன்றுதான். ரோமில் அடித்த காசுகளில் ஒரு பேரரசனுக்கு ஏறக்குறைய ஒரே முகம். மாகாணத்து ஊர்களில் அச்சு வெட்டிய ஆட்களில் அநேகர் அவனைக் கண்ணால் கண்டவர்கள் அல்ல. வேறொரு காசைப் பார்த்தோ, எங்கோ நின்ற சிலையைப் பார்த்தோ, யாரோ சொல்லக் கேட்டோ வெட்டினார்கள். அதனால் ஒரே ஆள் ஓர் ஊரில் மாட்டுக்கழுத்தோடும், அடுத்த ஊரில் பல்வலிக்காரனைப் போலவும் இருப்பான். ரின்னுக்குள் ஒரே பேரரசன் நான்கு முகங்களோடு கிடந்தான். அதில் ஒன்று எங்கள் பள்ளிக்கூட பஸ் சாரதியை உரித்து வைத்தது போல இருக்கும். அந்த முகத்தை நான் பஸ்காரன் என்றுதான் கூப்பிடுவேன். பெரியப்பாவும் சில நாட்களில் பஸ்காரனை எடுத்துத் தா என்று கேட்பார்.

எனக்கு அந்த அறையில் ஓர் உத்தியோகம் இருந்தது. காசு விற்பவர்கள் வைத்துத்தரும் பொடி எழுத்துத் துண்டுகளை வாசித்துச் சொல்வது. அவருக்கு இங்கிலீஷ் தெரியும், கண்தான் காணாது. அங்கே இருந்து இருந்து ஒரு விஷயத்தை நானாகவே பிடித்துக்கொண்டேன். ஓர் அச்சில் சிறு பிசகு இருந்தால், அந்த அச்சில் அடித்த காசுகள் எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே பிசகு இருக்கும். எந்த ஊரில் தோண்டி எடுத்தாலும் அவை ஒரே கையின் வேலை. பிசகைத் தேடுவது எனக்கு விளையாட்டாகிவிட்டது.

அந்தத் தை மாத ஞாயிற்றுக்கிழமை அவர் கொண்டுவந்த காசு பெரியது. இங்கத்தைய இரண்டு டொலர் குற்றியைவிட அகலம். அதில் இரண்டு பேர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இடப்பக்கம் ஒருவன் இருந்தான்: சுருட்டைத் தலை, தாடி, தடித்த புருவம். எதிரே தோளும் உடுப்பின் மடிப்பும் மட்டும் இருந்தன. அதற்கு மேலே ஆழமாக உளி போட்ட தழும்பு.

துண்டை நான்தான் வாசித்தேன். ஸ்திராத்தோனிக்கேயா, இப்போது துருக்கியில் இருக்கும் ஓர் இடம். இருக்கிறவன் கராகல்லா. இல்லாதவன் அவனுடைய தம்பி, கெற்றா. மிச்சத்தைப் பெரியப்பா சொன்னார். தகப்பன் 211ஆம் ஆண்டு பெப்ரவரியில், பிரித்தானியாவில் படையெடுத்துப் போன இடத்தில் செத்தான். ஒற்றுமையாக இருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் செத்தானாம். இரண்டு பேரும் சேர்ந்து ஆண்டார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் மூத்தவன் ஆட்களை விட்டு, தாயின் மடியில் வைத்து இளையவனைக் கொன்றான். பிறகு கட்டளை போனது: கல்லில், சித்திரத்தில், எங்கே அவன் முகமும் பேரும் இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். ஸ்திராத்தோனிக்கேயாக்காரர் கையில் இருந்த காசைக்கூட விட்டுவைக்கவில்லை.

அவர்களுக்கு அந்தத் தம்பியிலே ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்டேன்.

“கோவம் இருந்திராது பிள்ளை. அவனைக் கண்டிருக்கவும் மாட்டாங்கள். பயம். வீட்டிலை வைச்சிருந்து பிடிபட்டா?”

எனக்கு இன்னொன்றும் தெரிய வேண்டியிருந்தது. என் முகத்தை யாராவது அப்படிச் செய்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்திருக்க வேண்டும்.

“அந்தத் தம்பி இதைப் பார்த்தவரோ, பெரியப்பா?”

அவர் காசைத் திருப்பி விளக்கடியில் வைத்தார். “இல்லை. செத்தாப் பிறகுதான் சுரண்டினவங்கள். அந்தளவிலை அவன் குடுத்து வைச்சவன்.”

தாயின் மடியில் வெட்டுண்டு செத்தவனை இப்படிச் சொல்வது எனக்கு விசித்திரமாக இருந்தது. ஆனால் பெரியப்பா இடைக்கிடை விசித்திரமாகப் பேசுகிறவர்தான்.

எங்கள் வரவேற்பறைச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்கியது. யாழ்ப்பாணத்தில் ஏதோ ஸ்ரூடியோவில் எடுத்தது. கதிரைகளில் அப்பப்பாவும் அப்பாச்சியும். பின்னால் மூன்று ஆண்பிள்ளைகள்: பெரியப்பா, நடுவில் அப்பா, ஓரத்தில் சித்தப்பா. சித்தப்பாவின் சட்டைக் கொலருக்கு மேலே முகத்துக்குப் பதிலாக வெள்ளையாக ஒரு வட்டம். சரியான வட்டமும் அல்ல. அப்பாவின் காது வரும் இடத்தில் மட்டும் அது வளைவை விட்டு நேர்கோடாக இறங்கியது. காதுக்கு ஒன்றும் நேரவில்லை. தண்ணி பட்டது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு கனடாவிலோ லண்டனிலோ சித்தப்பா இருந்தார். எனக்குத் தண்ணி பட்ட சித்தப்பா. அவர் நான் பிறப்பதற்கு முன்பே ஊரில் செத்துப்போனார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவருக்குத் திவசம் இல்லை. ஆடி அமாவாசையில் மற்றவர்களோடு சேர்த்து அவருக்கும் ஒரு பிடி எள் இறைப்பார்கள். செத்த நாள் தெரியாதவர்களுக்கு அப்படித்தான். இன்றுவரை எங்கள் குடும்பத்தில் என்னால் திகதி போட முடியாத மரணம் அது ஒன்றுதான்.

பெப்ரவரியில் அப்பப்பா போனார். இரண்டு பிள்ளைகளும் ஊரில் நடந்த செத்தவீட்டுக்குப் போகவில்லை. ஒருவரிடம் பாஸ்போட் இல்லை, மற்றவரிடம் துணிவு இல்லை. அந்த ரோமத் தகப்பன் செத்ததும் இதே மாதம்தான், சரியாக ஆயிரத்து எண்ணூறு வருஷம் என்று கணக்குப் பார்த்து நான் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். பாராட்டுவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, போய் வீட்டுப்பாடத்தைச் செய் என்றார்.

முப்பத்தோராம் நாள் கிரியையைத் தங்களால் முடிந்தவரை ஒழுங்காக இங்கே செய்வது என்று அப்பா முடிவெடுத்தார். மண்டபம், ஐயர், மத்தியானச் சாப்பாடு, கல்வெட்டு. எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்பது கல் அல்ல, புத்தகம். செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், பிள்ளைகளின் பேரில் யாரோ எழுதிக்கொடுக்கும் புலம்பல், வம்சாவழி எல்லாம் போட்டு அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது. நடுப்பக்கத்தில் குடும்பப் படம் வர வேண்டும். குடும்பம் முழுதாக இருக்கும் படம் எங்களிடம் அந்த ஒன்றுதான்.

அச்சகம் ஒரு பிளாசாவில், பலசரக்குக் கடைக்கும் புடைவைக் கடைக்கும் நடுவே இருந்தது. ஒரு சுவரில் கல்யாண அட்டைகள், எதிர்ச் சுவரில் கல்வெட்டுகள். சனிக்கிழமை என்பதால் என்னையும் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்த இளைஞர் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

“உந்தப் பக்கத்துக்கு என்ன நடந்தது அண்ணை, தண்ணி பட்டதோ?”

அப்பா ஓம் என்றார்.

“யோசியாதேங்கோ. உங்கடை கண்ணும் மூக்கும் எடுத்து, பெரியண்ணையின்ரை நாடியை வைச்சா ஆள் வந்திடுவார். போன கிழமையும் ஒரு ஐயாவுக்குக் கண் திறந்து விட்டனான். பெட்டிக்குள்ளை எடுத்த படம்தான் அவையளிட்டை இருந்தது.”

அவர் தமாஷாகத்தான் சொன்னார். அப்பாவும் அரைகுறையாகச் சிரித்தார். அதுவரை கல்யாண அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்ற பெரியப்பா திரும்பாமலே பேசினார்.

“தண்ணி படேல்லைத் தம்பி. சுரண்டினது. இருக்கிறபடி போடும்.”

அச்சக இளைஞர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். நீங்கள் கதைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, ஓடாத ஓர் இயந்திரத்தைத் துடைக்கப் போனார். அப்பா, முகத்தோடு போடும் என்று மட்டும் சொல்லி, படத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

காருக்குள் வந்த பிறகுதான் பேச்சு. நான் பின்சீற்றில். கண்ணாடிக்கு உள்ளே எங்கள் மூச்சு படிந்து, பிளாசாவின் விளக்குகள் கரைந்து தெரிந்தன.

பெரியப்பா குரலை உயர்த்தவில்லை. இல்லாத ஒருத்தனைச் செய்து வைப்பதைவிட வெள்ளையாக இருப்பது நல்லது, அப்படி ஒன்று நடந்தது என்றாவது பார்க்கிறவனுக்குத் தெரியும் என்றார். அப்பா ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி, கார் எடுக்காமல் இருந்தார்.

“ஊர்வீட்டிலை தொங்கின காலம் முழுக்க ஐயா அந்தப் படத்தை ஏறெடுத்துப் பார்க்கேல்லை, அண்ணை. செத்தாப் பிறகாவது மூண்டு பிள்ளையளோடையும் இருக்கட்டும்.”

“அது அவன் இல்லை.”

“இல்லைத்தான். ஆருக்கு இனித் தெரிய வேணும்? அவன் வந்து பார்த்திட்டுத்தானே போனவன்.”

பெரியப்பா பெல்ற்றை இழுத்துப் போட்டார், அப்பா காரை எடுத்தார். எனக்கு அந்தக் கடைசி வசனத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை. சித்தப்பா வீட்டுக்கு வந்து எல்லோரையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், நல்லதுதானே என்று நினைத்தேன்.

எனக்குள் நின்றது வேறு சொல். சுரண்டினது. வீட்டுக்கு வந்ததும், சித்தப்பாவின் முகத்தைச் சுரண்டியது யார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு, ஆமிக்காரர் என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது. எங்கள் வீட்டில் காரணம் சொல்ல முடியாத எல்லாவற்றையும் ஆமிக்காரர்தான் செய்திருந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் மார்ச் மாதத்தில் வந்தது. மண்டப வாசலில், தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் கல்வெட்டுகள் அடுக்கியிருந்தன. நடுப்பக்கத்தில் முதல் முறையாக என் சித்தப்பாவைப் பார்த்தேன். அச்சகத்தார் கெட்டிக்காரர்தான். ஒட்டு எங்கே என்று தெரியவில்லை. மெல்லிய, கொஞ்சம் வெட்கப்படுகிற ஒரு முகம்; அப்பாவைப் போலவும் இருந்தது, பெரியப்பாவைப் போலவும் இருந்தது.

விட்பியிலிருந்து வந்த ஓர் அன்ரி, ஊரில் அவர்களுக்கு அடுத்த வளவில் இருந்தவர், அந்தப் பக்கத்தை விரித்ததும் கதிரையில் இருந்துவிட்டார்.

“ஐயோ, அப்பிடியே அவன். அந்த மூக்கைப் பாருங்கோ. இந்தப் படத்தை எங்கை இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சிருந்தனியள்?”

அவர் அழுதார். பக்கத்தில் இருந்த பெண்களும் அழுதார்கள். மூக்கு அப்பாவுடையது. அப்பா அதைச் சொல்லவில்லை. அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவரும் அழுதுகொண்டிருந்தார். அன்றைக்கு அங்கே சித்தப்பாவை நேரில் அறிந்தவர்கள் பலர் இருந்தார்கள். ஒருவரும் இது அவன் இல்லை என்று சொல்லவில்லை. மாகாணத்து அச்சு வெட்டிகளை நினைக்கும் போதெல்லாம் எனக்கு அந்த மண்டபமும் நினைவுக்கு வருகிறது. பேரரசனைக் காணாதவன் வெட்டிய முகத்தைச் சந்தையில் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள் என்பதில் வியக்க ஒன்றும் இல்லை. கண்டவர்களும் வாங்கிக்கொள்வார்கள்.

பெரியப்பா ஒரு கல்வெட்டை எடுத்துக் கோட்டுக்குள் வைத்தார். சாப்பிட்டார். கதிரைகளை மடித்து அடுக்க உதவினார்.

அதற்கு அடுத்த கிழமை, அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானத்துக்குப் பிறகு, அந்த இரட்டைக் காசைப் பார்க்க அவருடைய அறைக்குப் போனேன். மேசையில் கல்வெட்டு நடுப்பக்கம் விரிந்தபடி இருந்தது. பக்கத்தில் ஒரு சவர அலகு. சித்தப்பாவுக்கு மறுபடி முகம் இல்லை. வழுவழுப்பான அச்சுத்தாள் அந்த இடத்தில் பஞ்சு பஞ்சாகக் கிளம்பியிருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. பழக்கத்தில் பூதக்கண்ணாடியை எடுத்தேன். வரவேற்பறைக்குப் போய், திரும்பவும் சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் மேலேயிருந்து கீழே இழுத்த குறுங்கோடுகள். இரண்டிலும் கொலருக்கு மேலே மயிரிழை இடைவெளி. இரண்டிலும் அப்பாவின் காதுக்குக் கிட்ட வரும்போது வளைவு நின்று, நேர்கோடாகி, காதைத் தொடாமல் இறங்கியது. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள் கூட அவ்வளவு பொருந்தி நான் பார்த்ததில்லை.

பத்து வயதில் நான் இதிலிருந்து எடுத்த முடிவு இதுதான். காசு சேர்ப்பவர்களுக்குப் பழுது பார்த்த காசு பிடிக்காது. தேய்ந்ததைத் தீட்டினால், ஓட்டையை அடைத்தால், அதற்கு மதிப்பு இல்லை. பெரியப்பாவும் அதைப் போல, ஆமிக்காரர் சுரண்டியதைப் பார்த்து அச்சொட்டாகத் திருப்பிச் செய்திருக்கிறார். எவ்வளவு கவனம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

குசினிக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். பெரியப்பா பழையபடி ஆக்கிவிட்டார், பாருங்கள், காதைக்கூட விட்டுச் சுரண்டியிருக்கிறார் என்றேன். அம்மா அடுப்பை நிறுத்தினார். இரண்டையும் என் கையிலிருந்து வாங்கி, படத்தைச் சுவரில் மாட்டி, கல்வெட்டை அதே பக்கம் விரிந்தபடி மேசையில் வைத்து, அறைக் கதவைச் சாத்தினார்.

“அப்பாட்டைச் சொல்லாதை. போய்க் கையைக் கழுவு.”

நான் சொல்லவில்லை. ஆனாலும் பனி உருகும் காலத்தில் பெரியப்பா வீட்டை விட்டுப் போனார். கனடாவுக்கு வந்த புதிதில் நகர நடுவிலுள்ள சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தவர். அங்கேயே ஓர் ஒற்றை அறைக்குத் திரும்பிப் போய்விட்டார். பிஸ்கற் ரின்னை எனக்கு விட்டுப்போனார். பஸ்காரன் உட்பட எல்லாப் பேரரசர்களும் இருந்தார்கள். இரட்டைக் காசை மட்டும் கொண்டுபோயிருந்தார். அதன் பிறகு அண்ணனும் தம்பியும் கல்யாண மண்டபங்களிலும் சடங்குகளிலும் சந்தித்துக்கொண்டார்கள். சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்று பேசிக்கொண்டார்கள்.

அப்பா அந்தப் புது முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சாமி அறையில் வைத்திருக்கிறார். ஆடி அமாவாசைக்கு மாலை போடுகிறார். இப்போது தம்பியைப் பற்றிப் பேச நேர்ந்தால் அந்தப் பக்கமாகத்தான் கையைக் காட்டுகிறார். தன் மூக்குத்தான் அது என்பதை அவர் மறந்துவிட்டாரா, மறக்க விரும்பினாரா என்று நான் கேட்டதில்லை.

பெரியப்பா இறந்த வருஷம், அவருடைய கல்வெட்டுக்குப் படம் தேடிக்கொண்டிருந்தபோது, அப்பா நான் கேளாமலே சொன்னார். சித்தப்பா சேர்ந்திருந்த ஆயுத இயக்கத்தை இன்னோர் இயக்கம் தடைசெய்த நாட்கள் அவை. வீடு வீடாகத் தேடினார்கள். அயலில் ஒரு வீட்டில் படம் அகப்பட்டு, தமையனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில வீடுகளில் படங்களை எரித்தார்கள், சிலர் புதைத்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாச்சி எரிக்க விடவில்லை. அதனால் பெரியப்பா சவர அலகை எடுத்துக்கொண்டு முற்றத்து வெளிச்சத்தில் இருந்தார். முகம் இல்லாத பிள்ளையோடு படம் திரும்பச் சுவருக்குப் போனது.

“பிறகு ஒரு நாள் அவன் வந்தவன்,” என்றார் அப்பா. “படத்தைப் பார்த்தவன். ஒண்டும் கேக்கேல்லை. சோத்தைத் திண்டுபோட்டுப் போனவன்.”

சித்தப்பாவை வீட்டார் கண்ட கடைசி நாள் அது. எந்த மாதம் என்று கேட்டேன். அப்பாவுக்கு நினைவில்லை. மழை இல்லாத காலம் என்றார், அவ்வளவுதான்.

திகதிகள் இல்லாதபோது வரிசையாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. கெற்றாவுக்கு முதலில் மரணம், பிறகு சுரண்டல். சித்தப்பாவுக்கு முதலில் சுரண்டல். பிறகு வீட்டுக்கு வந்தது, சுவரைப் பார்த்தது, சோறு, மரணம். விளக்கடியில் காசைத் திருப்பி வைத்தபடி பெரியப்பா எனக்குச் சொன்ன பதிலில் இந்த வரிசை இருந்தது. குடுத்து வைச்சவன் என்றதும், அவர் ஒரு ரோமப் பேரரசனுக்காக இரங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் என் எரிமலையின் மிச்சத்தை ஒட்டப் போய்விட்டேன்.